அடுப்படி அக்கரையில்

எங்கள் ஊரில் ஆறு வரைபடத்தைப் பார்த்துத்தான் ஓடும். செவ்வாய்க்கிழமை சர்வேயர் அளந்தபோது அளவுச் சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்திருந்தது. கவனிக்காமல் கோடு போட்டுவிட்டார். ஆறு என் வீட்டுக்குள் வந்தது. வாசல் அறை எங்கள் ஊரிலேயே நின்றது. அடுப்படி அக்கரை ஊருக்குப் போய்விட்டது. நடுவில் முப்பது அடித் தண்ணீர். அக்கரை வேறு தாலுகா.

புதன்கிழமை காலை என் மனைவி மாடத்தி வாசல் அறையில் செத்துப்போனாள். செங்கல் சூளையில் இருபது வருடம் என்னோடு மண் மிதித்தவள். கால்விரல் இடுக்கில் செம்மண் அப்படியே இருந்தது.

ஒன்பது மணிக்கு அடுப்படியில் புகை எழுந்தது. மாடத்தி அங்கே கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். அக்கரைப் பதிவேட்டில் அவள் இன்னும் சாகவில்லை.

"சோறு வடிச்சாச்சு. வாரீரா இல்லையா?" என்று கேட்டாள்.

தூக்க வந்த நாலு பேரும் நிழல் தேடி உட்கார்ந்தார்கள். சாவைப் பதியாமல் உடம்பை எடுக்க முடியாது என்று எங்கள் தலையாரி பலவேசம் சொன்னான். அலுவலகத்துக்குப் போனேன். தெரு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. அளவுப் பிழை எல்லாத் தெருவுக்கும் பொருந்தும்.

கிராம நிர்வாக அலுவலர் எஸ்தர் அம்மாள் இரண்டு தாள்களை எடுத்து வைத்தார். முதல் தாளில் கைநாட்டு வைத்தால் மாடத்தி இறந்தவள். நகல் அக்கரைக்கும் போகும். இரண்டாவதில் வைத்தால் நான் அக்கரை ஊர்க்காரன். அவளோடு போய்ச் சாப்பிடலாம். இங்கே கிடக்கிற உடம்பு அனாதைப் பிணம்.

அங்கே போனபிறகு வந்து இவளையும் எடுக்கிறேன் என்றேன்.

"வேற ஊர்க்காரரு எங்க ஊர்ப் பிணத்த எப்படி எடுப்பீங்க?" என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதல் தாளில் வைத்தேன்.

வீடு திரும்புவதற்குள் நகல் போய்ச் சேர்ந்திருந்தது. மாடத்தி அதை மடித்து இடுப்பில் செருகினாள்.

"வச்சிட்டீரா?"

"வச்சிட்டேன். உடம்பு தாங்காது பாத்தியா."

"பெறகு என்னதான் செய்வீரு."

தண்ணீர் தெளித்து அடுப்பை அணைத்தாள். சட்டியை மூடினாள். அடுப்போரம் படுத்துச் செத்துப்போனாள்.

அக்கரைத் தலையாரி வந்து, இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். நான் இக்கரையிலிருந்து கையைத் தூக்கினேன்.

"உம்ம பொண்டாட்டிதான் அங்க கெடக்காள்ல. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்வே," என்றான். அனாதை என்று எழுதிக்கொண்டான்.

நாலு பேரும் பாடையைத் தூக்கினார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தேன். சுடுகாட்டுப் பாதை ஆற்றோரமாகத்தான் போகிறது. அக்கரையில் அடுப்படிக்கு இப்போது மூன்று சுவர்தான். அடுப்போரம் கிடந்தவளின் முகம் தெரிந்தது.

"முகத்துல ஒரு துணியாவது போடுங்கய்யா," என்றேன்.

அக்கரைத் தலையாரி வாட்சைப் பார்த்தான். சாப்பிடப் போனான்.