மூன்று நாள் விழுந்த கல்

ஜாசின் ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் பக்கம், சென்ற டிசம்பரில் ஓர் எரிகல் மூன்று நாள் விழுந்துகொண்டே இருந்தது. பகலில் சட்டைப் பொத்தான் அளவு, இரவில் தேங்காய் மூடி அளவு. முதல் நாள் ஆட்கள் போனில் படம் பிடித்தார்கள். இரண்டாம் நாள் குலை வெட்டப் போய்விட்டார்கள். கோழி விலை ஏறியதைப் பற்றித்தான் பேச்சு அதிகம். ஆனால் கல் நேராக இறங்காமல் சாய்ந்து சாய்ந்து நகர்ந்தது. எங்கே விழும் என்று தெரியாமல் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் எட்டுக் குடும்பங்களும் தூக்கம் கெட்டுக் கிடந்தன.

லயத்தில் வளர்ந்து இப்போது பத்து பெரண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாரணிதான் வழி சொன்னாள். தனியாகப் பார்த்தால் கல் தன் ஊருக்கே வருவதாகத்தான் எவருக்கும் தோன்றும். மூன்று ஊரிலிருந்து ஒரே நிமிடத்தில் திசை பார்த்து, வரைபடத்தில் மூன்று கோடு இழுத்தால், அவை சேரும் இடத்துக்கு மேலே கல் இருக்கும். மணிக்கு ஒரு புள்ளி வைத்துப் போனால் அது விழும் இடம் தெரிந்துவிடும். அவள் தன் ஊரில் பார்த்தாள். சுங்கை ரம்பாயில் அவளுடைய பழைய கணக்கு ஆசிரியை, ஓய்வுபெற்ற செசிலியா பார்த்தார். தோட்டத்தில் பரமேஸ்வரன். இருபத்தாறு வருஷம் அண்ணாந்து குலை அறுத்தவர். அவர் பிடித்தால் முப்பதடி அறுவாள் கம்பு அசையாது. அந்தக் கம்பைக் கல்லை நோக்கி நீட்டியே திசை அளந்தார். திசைகாட்டி வைத்திருந்த இருவரும் அவ்வளவு சுத்தமாக அளக்கவில்லை.

இரண்டாம் நாள் மாலை புள்ளிகள் கடலைக் காட்டின. லயத்தில் பாயசம் வைத்தார்கள். ஆனால் கோடுகள் ஓரிடத்தில் சேராமல் சின்ன முக்கோணமாக நின்றது செசிலியா டீச்சரை உறுத்தியது. மறுநாள் விடியுமுன் மற்ற இருவரையும் போனில் ஒன்றாகப் பிடித்தார்.

“பரமேஸ்வரன், இப்ப உங்கட மணி என்ன?”

“ஆறு நாப்பது, டீச்சர்.”

“இங்க ஆறரைதான்லா, அண்ணே!” என்றாள் தாரணி.

“காலையில ஆள் எடுக்குற பெரட்டுக் கடிகாரம்மா. யாரும் பிந்தக்கூடாதுன்னு பத்து நிமிஷம் கூட்டி வெச்சிருக்கு. தோட்டத்துல எல்லா வீட்லயும் அதான் மணி.”

“நல்லா இருக்கு போங்கோ,” என்றார் டீச்சர். “நாங்க பாத்தது ஒரு கல்லு, நீங்க பாத்தது பத்து நிமிஷம் பழைய கல்லு!”

அதன் பிறகு போனை வைக்கவே இல்லை. டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, மூன்று ஊரிலும் ஒரே மூச்சில் நிமிர்ந்து பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் புள்ளிகள் கடலை விட்டுத் திரும்பி லயத்துக்கு வந்து, பரமேஸ்வரன் வீட்டையே காட்டின. அவர் எட்டுக் கதவையும் தட்டி எல்லாரையும் கோயில் மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, தன் வாசலுக்கே திரும்பி வந்து கம்பை நிமிர்த்தினார்.

“அண்ணே, ஓடுங்கலா!”

“கடைசி அளவு குடுக்காம எப்படிம்மா? எழுதிக்க. உச்சிக்கு நேரா நிக்குது.”

சொல்லிவிட்டுத்தான் நடந்தார். நாலு மணிக்குக் கல் அவர் வீட்டுச் சமையலறைக் கூரையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பரமேஸ்வரனுக்குக் கடைசி வரிசையில் வேறு வீடு கொடுத்தார்கள். கல் அங்கேயேதான் இருக்கிறது. சூடு இன்னும் ஆறவில்லை. மழைக்காலத்தில் லயத்துப் பெண்கள் பள்ளி உடுப்புகளை அதன்மேல் போட்டுக் காயவைக்கிறார்கள். ஜீன்ஸை மட்டும் ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும்.