பிரிந்தாலும் இரண்டு பேரும் காட்ட வேண்டும்

இந்தக் காலத்தில் யாரும் எதையும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மணியடிக்காமல் கைபேசியில் எழுதுகிறான். பெற்ற மகளே குசினி மேசையில் துண்டுக் கடதாசி எழுதி வைத்துவிட்டுப் போகிறாள்: 'அப்பா, நாளைக்குக் கடைசி நாள்.'

அலோசியஸ் துண்டைக் கவிழ்த்து வைத்தார்.

மகள் தர்மிகாவுக்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. வசதியில்லாத பிள்ளை என்றால், வெளிநாட்டுப் பிள்ளையானாலும், படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் அவர்களே பார்ப்பார்களாம். ஆனால் தாய், தகப்பன் இருவரின் வருமானக் கடதாசியும் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் உதவி இல்லை. உதவி இல்லாவிட்டால் அவள் போகவே ஏலாது.

"முதல் கொம்மாவின்ர கடதாசி வரட்டும். பிறகு நான் தாறன்." மூன்று கிழமையாக அவர் இதையே சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் பிரிந்து போன புஷ்பராணி தரமாட்டாள் என்று நம்பியிருந்தார். பழி அவளுக்கு, பிள்ளை ஜேர்மனியில், தன்னோடு கொலோனிலேயே நிற்கும்.

"அம்மா எப்பவோ அனுப்பிட்டா" என்று மகள் நேற்றுச் சொன்னாள். அவர் நம்பவில்லை. நேரே கேட்கவென்று, புஷ்பராணி இருக்கும் கெல்சென்கிர்ச்சனுக்கு ட்ரெயின் ஏறினார்.

கதவைத் திறந்த புஷ்பராணி திகைத்தாள். "ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. பிள்ளைக்குக் கடதாசி குடுத்தனியோ?"

"கார்த்திகையிலயே குடுத்தனான்."

"என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"நாங்கள் கதைக்கிறனாங்களோ?"

அவர் வாசலிலேயே நின்றார். "ஒருத்தன் சும்மா குடுப்பானோ? எங்கட வருமானத்தை ஆருக்கெல்லாம் காட்டுவாங்களோ!"

"உங்கட பென்சனைப் பாத்தா அவங்கள் உங்களுக்கும் சேத்து அனுப்புவாங்கள்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "போனவள் திரும்பி வரமாட்டாள், புஷ்பம்."

அவள் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள். "என்னட்ட மாதத்தில ஒருக்கா வாறவள். அதுவும் இல்லாமல் போகும். தெரிஞ்சுதான் குடுத்தனான்."

கோட்டின் உள்பைக்குள் அவருடைய கடதாசி இருந்தது. ஏன் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியாது. எடுத்து நீட்டினார். "பிள்ளை ஏமாந்துபோனா உன்னைத்தான் கேப்பன்."

அவள் அதைச் சப்பாத்து அலுமாரியின்மேல் விரித்து, படம் எடுத்து, மகளுக்கு அனுப்பினாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"போயிட்டுது. உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"ட்ரெயினுக்கு நேரமாச்சு."

இரவு வரை ட்ரெயின் இருந்தது. அவர் படியிறங்கித் தெருவுக்கு வந்தார். கடலுக்கு அங்கால் இருப்பவனுக்கு, முகம் தெரியாத பிள்ளைக்கு நாலு வருடம் சோறு போட என்ன தலையெழுத்து? ஏதோ ஒன்றை எடுக்காமல் விடமாட்டான். கோட்டுக் கழுத்தைத் தூக்கிவிட்டு, தலையை ஆட்டியபடியே ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.