சூடு ஏறாத கை

சலவைக்கூடத்தில் அவளுக்குக் 'கல்லுக்கை' என்று பெயர். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்புகள் வெளுத்துக் கொடுக்கும் பெரிய கூடம் அது. தேய்க்கும் உருளையிலிருந்து விரிப்புகள் ஆவி பறக்க வெளியே வரும்போது மற்றவர்கள் கையுறை மாட்டிக்கொண்டும் 'ஸ்ஸ்' என்று விரலை உதறிக்கொண்டும் மடிப்பார்கள். அவள் வெறுங்கையால் வாங்கி, மடித்து, அடுக்கில் வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டுவாள். "உங்களுக்குச் சூடே ஏறாதாக்கா?" என்று புதிதாக வந்த பெண்கள் வாயைப் பிளப்பார்கள். "இந்தக் கை பாக்காத சூடா?" என்பாள். அந்தப் பட்டப்பெயரில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அது திறமை இல்லை, நோய் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பாளா என்பது வேறு விஷயம். சர்க்கரை அவள் உடம்பில் குடியேறிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. முதலில் பாதம் மரத்தது. ஒருநாள் ஒற்றைச் செருப்பு வழியிலேயே கழன்றுகொண்டது தெரியாமல் வேலைக்கு வந்து சேர்ந்தாள். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். பிறகு விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு வந்தது. கொஞ்ச காலத்தில் அதுவும் நின்றது. குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாள், பாவம். அது நின்றதுதான் கெட்ட செய்தி.

சர்க்கரை அந்தக் குடும்பத்துக்கு அப்பா வழியில் வந்த சொத்து. அக்காவான அவளுக்கும் தங்கைக்கும் ஓரவஞ்சனை இல்லாமல் பங்கு கிடைத்தது, தம்பி மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டான். தங்கை ஐம்பதைத் தாண்டியும் வீட்டில் 'குட்டி'தான். ஒரு கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. கத்திக்கொண்டே கூப்பிட்டவர்கள் சிரித்துக்கொண்டே வைப்பார்கள். அப்படி வாய் உள்ளவள், ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே சரிந்தாள். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே மூச்சில் போய்விட்டன.

"ரத்தத்துல தட்டணுக்கள்னு இருக்கும்மா," என்று அப்போது ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். "எங்கயாவது அடிபட்டா ஓடிவந்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ரத்தம் வெளிய போகாம அடைக்கும். அதான் அதுங்க வேலை. சர்க்கரை வருஷக்கணக்கா ஏறியே கிடந்தா அதுங்களுக்குப் புத்தி கெட்டுப்போகும். காயமே இல்லாத இடத்துலயும் ஒட்டிக்கும். இவங்களுக்கு மூளைக்குப் போற குழாய்ல ஒட்டிக்கிச்சு."

ஒட்ட வேண்டாத இடத்தில் ஒட்டிய அந்தக் கண்ணுக்குத் தெரியாத சனியன்களை அக்கா மனதாரச் சபித்தாள். அவை ஒட்டாமலிருக்க ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். அதைக் குட்டியின் வாயில் போட்டு, முழுங்கினாளா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள். குட்டிக்காகவே வேலையை விட்டுவிட்டாள். தன்னுடைய மாத்திரையைத்தான் பாதி நாள் மறந்துபோவாள்.

குட்டியிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். "நல்லாருக்கு." பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் "நல்லாருக்கு" என்று முகம் சுளித்துச் சொல்வாள். இத்தனை சொற்களில் விதி போயும் போயும் இதையா விட்டுவைக்க வேண்டும்! ஆனால் அக்காவுக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. இழுத்துச் சொன்னால் தாகம், வெட்டிச் சொன்னால் கோபம், மூக்கால் சொன்னால் டிவியை மாற்று என்று அர்த்தம். இருவரும் சண்டைகூடப் போட்டுக்கொண்டார்கள்.

தம்பி நல்லவன்தான். வாரம் தவறாமல் வருவான், வாசலிலேயே நின்று தயங்கித் தயங்கி ஆரம்பிப்பான். "அக்கா, அந்தப் பராமரிப்பு இல்லம்... இடம் இருக்காம். உனக்கும் முடியலல்ல?"

அக்கா ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சுத்தமான இடம். சுவரோரமாக வரிசையாக நாற்காலிகள், அவற்றில் வரிசையாகப் பெண்கள். பணிப்பெண் ஒவ்வொருத்தியிடமாகக் குனிந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் நகர்ந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அக்கா அங்கிருந்து கிளம்பிவிட்டாள்.

"அங்க இவ 'நல்லாருக்கு'ன்னா, நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டுப் போயிடுவாங்கடா! என்னால முடியாது. நான் நடமாடுற வரைக்கும் அவ என்கூடத்தான்."

தம்பி, ஏதாவது செய்ய வேண்டுமே என்று, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த பழைய வாட்டர் ஹீட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். பழையது எவ்வளவு நேரம் ஓடினாலும் வெதுவெதுப்புக்கு மேல் போகாது. அதனால்தான் அக்காவின் கை சொல்லும் பொய் இத்தனை நாள் வெளியே தெரியாமல் இருந்தது.

மறுநாள் காலை நல்ல குளிர். குட்டியைக் குளியல் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கெட்டில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். ஆவி கிளம்பி அந்தச் சின்ன அறையை நிறைத்தது. ஆயுசு முழுக்க ஆவியிலேயே நின்றவளுக்கு அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை. கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டு, வலது கையை மணிக்கட்டு வரை விட்டுக் கலக்கிப் பார்த்தாள். இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சூடு இருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. வெந்நீரையே இன்னும் கொஞ்சம் விட்டாள்.

தூங்குகிற பக்கத்தை முதலில் எழுப்ப வேண்டும் என்பது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். செயலிழந்த வலது தோளில் முதல் குவளையை ஊற்றினாள். பிறகு வலது தொடையில். குட்டி அசையவில்லை. அந்தப் பக்கம்தான் எதையும் அறியாதே. இன்னொரு குவளை ஊற்றினாள்.

"நல்லாருக்கு," என்றாள் குட்டி, தன் தொடையையே பார்த்தபடி. மெல்லிய, வியந்துபோன குரல். அக்கா இதுவரை கேட்டிராத குரல்.

"நல்லாத்தான் இருக்கும். உன் தம்பி வாங்கிக் குடுத்ததாச்சே," என்று அக்கா சிரித்தாள். அடுத்த குவளையை இடது தோளில் ஊற்றினாள்.

"நல்லாருக்கு!" என்று குட்டி அலறினாள். "நல்லாருக்கு! நல்லாருக்கு!" என்று நாற்காலியோடு சுவரில் மோதினாள். அப்போதுதான் அக்கா பார்த்தாள். வலது தோளிலிருந்து தொடை வரை தோல் ரத்தமாய்ச் சிவந்து, அங்கங்கே கொப்பளித்து எழும்பிக்கொண்டிருந்தது. குவளை கீழே விழுந்தது. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து குட்டியின் மேல் பிடித்துக்கொண்டு, அண்டை வீட்டார் கதவை உடைக்கிற மாதிரி தட்டும்வரை அவளும் கத்திக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் குட்டிக்கு வலி மருந்து கொடுத்து, கட்டுப் போட்டுப் படுக்கவைத்தார்கள். இளம் பெண் டாக்டர் ஒருத்தி வெளியே வந்தாள். இடது தோளில் லேசான காயம்தான், வலது பக்கம் ஆழமாக வெந்திருக்கிறது, சர்க்கரை உடம்பு என்பதால் ஆற நாளாகும், ஆறும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். பிறகு அவள் பேச்சு பாதியில் நின்றது.

"உங்க கையில என்னம்மா?"

அக்கா குனிந்து பார்த்தாள். வலது கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. விரல்களில் தோல் பையாக உப்பித் தொங்கியது. அது யாருடைய கையோ போல இருந்தது.

"வலிக்கலையா?"

"இல்லையே," என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் அந்தப் பதில் எவ்வளவு பயங்கரமானது என்று அவளுக்கே உறைத்தது.

வலது கைக்குக் கட்டுப் போட்டார்கள். டாக்டர் அவளை உட்காரவைத்து, பையிலிருந்து மெல்லிய நைலான் இழை பொருத்திய ஒரு குச்சியை எடுத்தாள். "இடது கையை நீட்டுங்க. கண்ண மூடிக்கோங்க. நான் தொடுறப்ப எல்லாம் 'ம்' சொல்லுங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். எங்கோ ஒரு தள்ளுவண்டி கடகடத்துப் போனது. யாரோ இருமினார்கள். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"ஆரம்பிங்க டாக்டர்," என்றாள். "ஏன் சும்மாவே இருக்கீங்க?"

கண்ணைத் திறந்தாள். இழை அவள் ஆள்காட்டி விரல் நுனியில் வளைந்து அழுந்திக்கொண்டிருந்தது. டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் குச்சியை எடுத்துக்கொண்டாள்.

"நரம்பு செத்துக்கிட்டு வருதும்மா. காலோட நுனியில ஆரம்பிச்சு, கைக்கு வந்திருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்கும்."

"திரும்பி வருமா?"

"சர்க்கரையக் கட்டுக்குள்ள வெச்சா, இதுக்கு மேல போகாமப் பாத்துக்கலாம்."

'வராது' என்பதை டாக்டர்கள் இப்படித்தான் சொல்வார்கள். அக்கா தலையாட்டினாள். சலவைக்கூடத்துப் பெண்கள் வாயைப் பிளந்ததும், தான் தலை நிமிர்ந்து நின்றதும் நினைவுக்கு வந்து உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்கே செத்துப்போயிருக்கலாம் என்றிருந்தது. ஒரே வீட்டில், ஒரே நோய். குட்டியின் வாயை அடைத்துவிட்டு, அவளுக்குக் காவல் இருந்தவளின் கையையும் அது தின்றுவிட்டிருந்தது.

தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தான். ஹீட்டர் வாங்கிக் கொடுத்த தன்னையே நொந்துகொண்டு அழுதான். இருவரும் உள்ளே போனார்கள். குட்டி அரைமயக்கத்தில் கிடந்தாள். அக்கா கட்டிலின் இடது பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கட்டுப் போடாத கையைப் படுக்கையோரம் வைத்துக்கொண்டாள். தம்பி எதிர்ப்பக்கம் நின்றான். அந்த இல்லத்தைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"அந்த இடத்துல சொல்லிவைடா," என்றாள் அக்கா கடைசியில்.

"அக்கா..."

"இனிமே நான் அவளத் தொடக் கூடாது. வெந்ததே தெரியாத கை, அவ எலும்ப ஒடிச்சாலும் தெரியாது." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அங்க இருக்கறவங்ககிட்ட எடுத்துச் சொல்லு. இழுத்துச் சொன்னா தாகம். வெட்டிச் சொன்னா கோபம். மெதுவா, என்னமோ அதிசயத்தப் பாத்த மாதிரி சொன்னா..." கட்டுப் போட்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "அப்படிச் சொன்னா உடனே நிறுத்தச் சொல்லு. என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாலும் நிறுத்திடச் சொல்லு."

தம்பியின் பார்வை படுக்கையோரத்திலேயே நிலைத்திருந்தது. அக்காவும் திரும்பிப் பார்த்தாள்.

குட்டியின் இடது கை அவள் கையைப் பற்றியிருந்தது. நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தது.

"எப்படா பிடிச்சா?"

"நீ வந்து உக்காந்ததுல இருந்தேக்கா," என்றான் தம்பி.