காஜா மட்டும் பாக்கி

கடைத்தெருவின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய் உருண்டு மேலேறவும், பெருக்கித் தள்ளிய தூசு இளவெயிலிற் பொன்னாய் எழவும், திங்கட்கிழமை தன் தொல்லைகளையெல்லாம் தோளில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் நுழைந்த அந்தக் காலை வேளையில், தெரு வளைவில் நின்ற தையற்கடையின் பொறி மட்டும் இன்னும் வாய் திறவாதிருந்தது. கடைக்குரியவர் உள்ளே முழந்தாளிட்டிருந்தார். விழுந்த ஊசியைத் தேடுகிறார் என்று எண்ணிவிடாதீர், அறிவுசால் நண்பரே, அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

முந்தைய நாள் ஆலயத்திலே போதகர், ஞாயிறன்று பாடிய நாவே திங்களன்று பொய் சொல்லுமாயின் பாட்டும் பொய்யாகிவிடும் என்று உரைத்தது, தூண் மறைவில் அரைத்துயிலில் இருந்த அவர் நெஞ்சில் சுருக்கென்று இறங்கிற்று. அவர் திருடர் அல்லர், குடியரும் அல்லர். ஆயினும் தொழில் தொடங்கிய நாள்முதல் ஒரே ஒரு பொய்யைச் சோறூட்டி வளர்த்து வந்தார். துணியைத் தொட்டே பாராதபோதும், கேட்டு வருவோரிடம் முகம் மலர்ந்து, "எல்லாம் முடிஞ்சிருச்சு, காஜா மட்டும் பாக்கி" என்பார். காஜாவாவது பொத்தான் நுழையும் துளை. ஊராரும் ஒன்றும் அறியாதவர் அல்லர். 'நாளை' எனில் அடுத்த கிழமை என்றும், 'காஜா பாக்கி' எனில் துணியின் மடிப்பே இன்னும் கலையவில்லை என்றும் பொருள் கண்டுகொள்வர். இவ்வாறு ஏமாற்றுவோரும் ஏமாறாதோரும் நெடுங்காலம் இனிதே வாழ்ந்து வந்தனர்.

இந்தக் கிழமையாவது தம் நாவைக் காத்தருள வேண்டுமென்று இறைவனை இரந்து எழுந்தவர் முன்னே, மணப்பெண்ணின் தாயார் வந்து நின்றார். சனிக்கிழமை திருமணம். மகளின் வெள்ளை அங்கிக்கென அம்மையார் கொடுத்த பட்டோ, கொடுத்த மடிப்போடு மேற்பலகையில் வீற்றிருந்தது. மெய்யைச் சொன்னால் பட்டும் அம்மையாரும் அவர்தம் பெருஞ்சுற்றமும் எதிர்க்கடைக்குப் போய்விடுவது திண்ணம். பழைய பொய் நாவின் நுனிக்கு வந்து கால்மேல் கால் போட்டு அமர்ந்தது. தையற்காரர் அதனை அரும்பாடுபட்டு விழுங்கினார்.

"இன்னும் வெட்டவே இல்லம்மா."

அம்மையாரின் முகம் வெளிறிற்று. காஜா பாக்கி என்பதே வெட்டாத துணியெனில், வெட்டவில்லை என்பதற்கு வேறென்ன பொருள் இருத்தல் கூடும்? துணி தொலைந்தது, அன்றேல் எரிந்தது.

"மறைக்காம சொல்லிருங்க மாஸ்டர். எலி கடிச்சிருச்சா?"

தையற்காரர் பட்டை எடுத்து நீட்டவே, அம்மையார் அதனை முழம்போட்டு அளந்து, மோந்து பார்த்து, வெளிச்சத்தில் விரித்துத் துளை தேடி, ஒரு குறையும் காணாமையால் மார்போடு அணைத்துக்கொண்டு, சினக்க வேண்டும் என்பதையே மறந்துபோனார். எப்போது கிடைக்கும் என்று அவர் கேட்க, வியாழன் மாலை என்றார் இவர். சரி சரி என்று சிரித்து, வியாழன் எனில் சனி விடியல் என மனத்துள் பெயர்த்துக்கொண்டு அம்மையார் போய்விட்டார். ஏச்சுக்குக்கூட அஞ்சாத தையற்காரருக்கு அந்தச் சிரிப்பு வலித்தது.

அன்றுமுதல் வந்தவர்க்கெல்லாம் உள்ளதையே சொன்னார். அடுத்த மாதந்தான் முடியும் என்ற விடையைக் கேட்டோரிற் சிலர், அப்படியானால் அடுத்த ஆண்டோ என்று நகைத்து நடையைக் கட்டினர். "இப்படியே போனா கடையில நீங்களும் உங்க உண்மையும் மட்டும்தான் உக்காந்திருப்பீங்க" என்றார் அவர் மனைவி. சொல்லிக்கொண்டே அங்கியை மடியில் இட்டுக் காஜா எடுக்கவும் அமர்ந்துவிட்டார்.

வியாழன் மாலை அங்கி முடிந்தது, வாங்கத்தான் ஆளில்லை. விளக்கேற்றும் வேளைவரை வழி பார்த்திருந்து, தையற்காரர் தாமே அதனைச் சுமந்து சென்றார். பொதியோடு வருபவரைப் பலகணி வழியே கண்ட அம்மையார், துணியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறார் என்று துணிந்து, அத்தையின் பழைய அங்கியைப் பெட்டியிலிருந்து எடுக்குமாறு வீட்டாரை விரட்டினார். மணப்பெண்ணோ பொதியைப் பிரித்து, உள்ளே சென்று உடுத்து வந்து நின்றாள். ஓரிடத்திலும் சுருக்கமில்லை.

"வியாழன்னு சொன்னீங்க. வியாழக்கிழமையே கொண்டாந்துட்டீங்களே" என்றார் அம்மையார், முறையிடுவார்போல. பிறகு சற்றே தெளிந்து, இளைய மகளுக்கும் சனிக்குள் ஓர் உடை தைத்துத் தர இயலுமா என்று வினவினார். நல்ல வருவாய். பழைய நா என்றால் அந்த நொடியே ஆம் என்றிருக்கும்.

"முடியாதும்மா. கையில வேற வேலை இருக்கு."

இதற்கு அம்மையார் எப்பொருள் கொள்வாரோ என்று தையற்காரர் கவலையுற்றார்.

"முடியாதா? சரி, அப்ப எதிர்க்கடையில குடுத்துக்கிறேன்."

கைக்கு வந்த வேலை போயிற்று. தையற்காரருக்கோ மகிழ்ச்சியில் கண் நிறைந்தது. அவர் சொன்ன சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஒருவர் ஏற்றுக்கொண்டது அன்றுதான். அவர் வேண்டுதலை ஆண்டவர் திங்கட்கிழமை காலையிலேயே நம்பிவிட்டார். அம்மையார் நம்புவதற்குத்தான் வியாழன் இருட்ட வேண்டியிருந்தது.