நான்காவது கேள்வி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு வாசகர் கடிதம். ஆறே வரி. எழுதியவள் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அச்சில் வந்த என் முதல் எழுத்து அதுதான். பேட்டி எடுக்க வருகிறவர்கள் முதல் படைப்பு எது என்று கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒரு சிறுகதையின் தலைப்பைச் சொல்லி நழுவியிருக்கிறேன். உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள் இவை: "குத்துச்சண்டை ஆண்களின் களம். அங்கே ஒரு பெண் டாக்டருக்கு என்ன வேலை?"

எழுதியவளும் ஒரு பெண். பெயர் போடும் தைரியம்கூட இல்லை. "ஒரு ரசிகை" என்று கையெழுத்திட்டிருந்தேன்.

அந்த டாக்டருக்கு நன்றி சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன். நேரில் சொல்லலாமே என்பீர்கள். நேரில் போனேன். அங்கே நடந்ததால்தான் கடிதமாக முடிந்திருக்க வேண்டியது கதையாகிவிட்டது.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

'அரங்கமே அதிர்ந்தது. பாறை! பாறை! என்று ஐயாயிரம் குரல்கள்—'

வேண்டாம். அரங்கம் அதிராத குத்துச்சண்டைக் கதை எங்கே இருக்கிறது?

'என் அண்ணனின் முஷ்டியைப் பார்த்தவர்கள் யாரும்—'

இதுவும் வேண்டாம். எல்லோரும் அவன் முஷ்டியைத்தான் பார்த்தார்கள். நானும் ஏன் அங்கேயே தொடங்க வேண்டும்?

'என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்.'

இது இருக்கட்டும். அப்போதும் அதே வேலை, இப்போதும் அதே வேலை. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் மேல்தளத்துக் கதவருகே குனிந்து, "பயப்படாதீங்க. மூச்ச மெதுவா விடுங்க. நாலு எண்ணுங்க, அப்புறம் இழுங்க" என்பான். ரிங்கின் மூலையில் கோச் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. அண்ணனின் பொறுமைக்காக நான் குத்துச்சண்டைக்கு நன்றி சொல்ல வேண்டும். கை ஓங்கியே பழகிய மனிதன் என்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை.

ஆனால் ஊர் அவனை 'பாறை' என்றுதான் அழைத்தது. சனிக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை வரும். முடிதிருத்தும் கடையில் கத்தரி பாதித் தலையில் நிற்கும். துணிக்கடைப் பெண்கள் வாசலுக்கு வந்து எதிர்க்கடை டிவியை எட்டிப் பார்ப்பார்கள். அண்ணன் பால் வாங்கப் போனால் நான்கு பேர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.*

* அதே ஆட்கள்தான் பெண் கொடுக்க யோசித்தவர்களும். அண்ணியின் அப்பா நேராகவே கேட்டார்: "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுல கோவம் வந்தா என்ன பண்ணுவீங்க?" அண்ணன் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "பாத்திரம் தேய்ப்பேங்க" என்றான். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணி அப்போதே முடிவு செய்துவிட்டாளாம்.

3

இனி அந்த மாலை. இதை அலங்காரம் இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

தேசியப் பட்டத்துக்கான போட்டி. பத்துச் சுற்று. எதிராளி ஒரு இடதுகைக்காரர். காலையில் மருத்துவப் பரிசோதனைக்கு அண்ணனின் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். டாக்டர் ஐம்பதை நெருங்கியவர். குட்டை முடி, ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரம். "நீ யாரும்மா?" என்றார். "தங்கச்சி. மூணாவது வரிசையில உக்காந்திருப்பேன்" என்றேன், என்னவோ நான்தான் சண்டை போடப் போவதுபோல.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அண்ணன் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பி ஒரு தலையசைப்பு வைப்பான். நானும் அசைப்பேன்.

ஆறு சுற்று வரை புள்ளிகளில் அவன்தான் முன்னால். ஏழாவதில் இடது நெற்றிப்பொட்டில் ஒரு குத்து விழுந்தது. முழங்கால் மடங்கியது. நடுவர் எண்ணத் தொடங்கும் முன்பே நிமிர்ந்துவிட்டான். மணி அடித்தது. மூலையில் உட்கார்ந்தான். டாக்டர் கயிற்றுக்குள் நுழைந்தார்.

விளக்கு அடித்துக் கண்களைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அண்ணன் ஏதோ சொன்னான். கேட்டார், சொன்னான். கேட்டார், சொன்னான். இன்னொரு முறை கேட்டார். அதற்கும் சொன்னான். டாக்டர் எழுந்து நடுவரைப் பார்த்து இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார்.

முடிந்தது. பட்டம் இடதுகைக்காரருக்கு.

தண்ணீர்ப் புட்டிகள் பறந்தன. நாற்காலிகள் உடைந்தன. டாக்டரைக் காவலர்கள் சுற்றி நின்று அழைத்துப் போனார்கள். அவர் என் வரிசையைக் கடந்தபோது நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத—

[எழுத மாட்டேன். கடிதத்தில் வந்த சொற்கள் அதைவிட மரியாதையானவை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.]

மறுநாள் அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு கீறல் இல்லை, ஒரு துளி ரத்தக்கசிவு இல்லை. அது செய்தியாக வந்த அன்று உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன்.

4

கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாக முடிக்கிறேன்.

டாக்டரின் அறிக்கைப்படி அண்ணனுக்கு ஓராண்டு கட்டாய ஓய்வு. அந்த ஓராண்டு முடிவதற்குள் சனிக்கிழமை ஒளிபரப்பு நின்றுபோனது. 'அந்தப் பொம்பள டாக்டரால குத்துச்சண்டையே படுத்துடுச்சு' என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முடிதிருத்துபவர் என் காதருகே கத்தரி வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

உண்மையில் அது பல வருடங்களாகவே மெலிந்துகொண்டு வந்தது. சங்கம் மூன்றாக உடைந்து, ஒவ்வொன்றும் ஒரு சாம்பியனை அறிவித்தது. உண்மையான சாம்பியன் யார் என்று ரசிகனுக்கே தெரியாத விளையாட்டை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? பெரிய போட்டிகள் கட்டணச் சேனலுக்குப் போயின. மூக்கில் ரத்தம் வழிகிற முகத்துக்குப் பக்கத்தில் தங்கள் சோப்பைக் காட்ட விளம்பரக்காரர்கள் தயங்கினார்கள். பிள்ளைகளை நீச்சலுக்கும் பேட்மின்டனுக்கும் கூட்டிப்போன அம்மாக்கள் குத்துச்சண்டைக் கூடத்தின் பக்கம் வரவில்லை. 'ரவுடிங்க விளையாட்டு' என்ற பேச்சு முன்பும் இருந்தது. ஆனால் முன்பு அதைச் சொன்னவர்களும் டிவியை அணைக்கவில்லை.

இத்தனை காரணங்களுக்கும் முகம் கிடையாது. டாக்டருக்கு முகம் இருந்தது, குட்டை முடி இருந்தது. அவரைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

அரங்கம் இப்போது மெத்தை விற்கும் கடை. ரிங் இருந்த இடத்தில் தம்பதிகள் படுத்துப் பார்த்து, புரண்டு பார்த்து, விலை கேட்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் எதுவுமில்லை.

அண்ணன் அதன்பிறகு ரிங்கில் ஏறவில்லை. டாக்டரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இருபத்திரண்டு வருடங்கள்.

5

பிறகு ஏன் இப்போது? போன வருடம் அந்த இடதுகைக்காரரை ஒரு திருமண வீட்டில் பார்த்தேன். அவர் அதன்பின் ஆறு வருடங்கள் ஆடினார். எங்கெங்கோ, பாதி காலியான கூடங்களில். யாரும் எந்தப் போட்டியையும் நிறுத்தவில்லை. அவர் மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். என்னை அறிமுகப்படுத்தினேன். சிரித்தார். இரண்டு நிமிடம் கழித்து, "நீங்க யாரும்மா?" என்றார்.

வீட்டுக்கு வந்து டாக்டரின் முகவரியைத் தேடத் தொடங்கினேன்.

என் முதல் வரைவில் டாக்டரைக் கறாரான ஆளாக எழுதியிருந்தேன். 'நான் சரியாகத்தான் செய்தேன்' என்று நிமிர்ந்து சொல்லும் பாத்திரம். நேரில் பார்த்ததும் அந்தப் பாத்திரம் காலியானது. கதவைத் திறந்தவருக்கு எழுபது வயது. ஒரு காலில் செருப்பு, இன்னொரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. போன்ல குரல் கேட்டப்பவே நினைச்சேன், மூணாவது வரிசை."

கடிதம் எழுதியது நான்தான் என்று வாசற்படியிலேயே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் உள்ளே உட்கார முடிந்திருக்காது.

"அப்படியா? எனக்கு நூத்துக்கணக்குல வந்துச்சும்மா. உன்னோடது எதுன்னு எனக்குத் தெரியல" என்றார். [ஒரு எழுத்தாளருக்கு இதைவிடச் சரியான தண்டனை கிடையாது.]

நன்றி சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அவசரப்படாத. ஸ்கேன் சுத்தமா வந்துச்சு, தெரியுமில்ல? நான் மூணு கேள்வி கேட்டேன். இது எத்தனாவது சுத்து, எதிர்ல யாரு, இது எந்த ஊரு. மூணுக்கும் டக்குனு சரியா சொன்னான். விட்டிருக்கலாம். என்னமோ மனசு கேக்கல. நாலாவதா ஒண்ணு கேட்டேன்."

"என்ன கேட்டீங்க?"

"உன் தங்கச்சி எங்கன்னு கேட்டேன்."

"நான் அங்கதானே டாக்டர் உக்காந்திருந்தேன்?"

"அந்தச் சுத்து தொடங்கறதுக்கு முன்னாடிதான் உன்னைப் பாத்துத் தலையாட்டினான். நானே பாத்தேன். ஆனா, 'அவ வரல டாக்டர், வீட்டுல இருக்கா'ன்னான். அதை வெச்சுத்தான் நிறுத்தினேன். அது ஒண்ணுதான். இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல, நான் ஒருத்தனைக் காப்பாத்தினேனா, இல்ல ஒருத்தன் பட்டத்தைப் பிடுங்கினேனான்னு. நீ நன்றி சொன்னா நான் எதுக்குன்னு வாங்கிக்கறது?"

6

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். குடியிருப்பு ஒன்றின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தான். கை முழுக்கக் கிரீஸ். நாலாவது கேள்வி வரைக்கும் கேட்டுக்கொண்டே திருகாணியை முடுக்கினான். பதிலைச் சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அது மறதி இல்ல பாப்பா. பொய்."

"பொய்யா?"

"உன்னைக் கூப்பிட்டுப் பேசப் போறாங்கன்னு நினைச்சேன். நீ வந்து 'போதும்ணா'ன்னு சொன்னா என்னால மேல ஆட முடியாது. அதான் நீ வரலன்னுட்டேன்."

அப்படியென்றால் டாக்டர் ஒரு பொய்யை நோய் என்று எடுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் ஒரு பெண்ணை ஊர் திட்டியதும், அவரே தன்னைச் சந்தேகித்ததும், இந்தப் பொய்யால்தான். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "ஏன்ணா, இத்தனை வருஷத்துல ஒரு தடவை—"

"இரு, முடிக்கல." கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். "அந்த அடி விழுந்ததுல இருந்து எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது. எதிராளி ரெண்டு. நடுவர் ரெண்டு. ரெண்டு டாக்டர் வந்து விளக்கு அடிச்சாங்க. எட்டாவது சுத்துல எவனை அடிக்கறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா நிறுத்திடுவாங்கல்ல? நாலு நாள் அப்படியே இருந்துச்சு. சாப்பாட்டுத் தட்டே ரெண்டு. அப்புறம் சரியாப் போச்சு. ஸ்கேன்ல அதெல்லாம் தெரியல."

"அப்ப அவங்க நிறுத்தினது..."

"அவங்க நிறுத்தலைன்னா உன்கிட்ட இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டேன்." சொல்லிவிட்டு மோட்டாரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "உங்க அண்ணிக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்."

[இங்கே நான் அழுததாக எழுதியிருந்தேன். பதிப்பாசிரியர் வேண்டாம் என்றார். ஆனால் அழுதேன்.]

7

இப்போது டாக்டருக்குத் தேவையான பதில் அண்ணனிடம் இருந்தது. நான் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அது என்னுடையது இல்லையே, நான் எப்படிச் சொல்வது?

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அண்ணன் டாக்டரின் காலில் விழுகிறான். (நடக்காது. மண்டியிட்டால் எழ முடியாத முட்டிவலி.)

அண்ணன் போகவே மறுக்கிறான். டாக்டர் தெரியாமலே காலம் கழிக்கிறார். (எழுதிய அன்று சாப்பாடு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான். "வண்டிய எடு, டாக்டர் வீடு" என்றான். வாசலில் இறங்கியதும் நானும் இறங்கப் போனேன். "நீ இரு" என்றான். மணியை அழுத்தினான். கதவு திறந்தது. டாக்டர் அவனை அண்ணாந்து பார்ப்பது தெரிந்தது. அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கண்களைத்தான் பார்த்தார், ஒன்று மாற்றி ஒன்று. பிறகு வழிவிட்டு நகர்ந்தார். கதவு சாத்திக்கொண்டது.

நாற்பது நிமிடம். உள்ளே திரை போட்டிருந்தது. ஒருமுறை மட்டும் யாரோ உரக்கச் சிரித்தார்கள். ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியவில்லை. கதை எழுதுகிறவளுக்கு இதைவிடக் கொடுமை இருக்க முடியாது; இறங்கிப் போய்க் கதவில் காது வைக்கலாமா என்றுகூட நினைத்தேன். வைக்கவில்லை. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் அந்த இருவருக்கும் நடுவில் வாய் வைத்தவள் நான். இந்தத் தடவையாவது வெளியே இருக்கலாம்.

அண்ணன் வந்து உட்கார்ந்தான்.

"என்னண்ணா பேசினீங்க?"

"காபில சக்கர ஜாஸ்தி."

"அண்ணா."

"கதைல என்ன வேணும்னாலும் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிவழியே வெளியே பார்த்தான்.

போடவில்லை. அவன் பொய்யை மட்டும் சொல்லியிருக்கலாம், இரட்டைப் பார்வையையும் சொல்லியிருக்கலாம், இரண்டையும் சொல்லாமல் வெறும் காபி குடித்துவிட்டும் வந்திருக்கலாம். கதவுக்கு அந்தப் பக்கத்து நாற்பது நிமிடங்களை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவர்கள் இருவரையும் கொஞ்சம் அன்பாக நடத்துங்கள், அது போதும்.

எனக்குக் கிடைத்தது எனக்குப் போதும். பக்கத்து இருக்கையில் நாற்பத்தொன்பது வயது அண்ணன். வண்டியைக் கிளப்பினேன். முதல் திருப்பத்திலேயே, "பாப்பா, கியரை மாத்து, இன்ஜின் கத்துது பாரு" என்றான். மாற்றினேன்.