ஊர்க்கவுண்டர் முந்திப் போட்ட கையெழுத்து

உயிலில் ஊர்க்கவுண்டர் பாலுசாமியின் கையெழுத்து காய்ந்துவிட்டிருந்தது. அதற்கு மேலே முத்தாத்தாளைப் பெற்ற அய்யனின் பெருவிரல் ரேகை இன்னும் ஈரமாக மினுங்கியது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

உயிலை எழுதிக் கொடுத்த கிணத்துக்கடவு வெங்கடபதி நாயுடு படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: “முதல்ல உங்கய்யன் ரேகை வெக்கோணும். சாட்சி ரெண்டு பேரும் அதைக் கண்ணுல பாக்கோணும், இல்லாட்டி தன் ரேகைதான்னு அவரே அவங்ககிட்ட ஒத்துக்கோணும். அப்புறம் அவரு முன்னாலயே கையெழுத்துப் போடோணும். மாறிப்போச்சுன்னா கோர்ட்டுல நிக்காதுங்க அம்மணி.”

மாறித்தான் போயிற்று. அந்த ஊரில் விபூதியோ வெற்றிலையோ, எதுவும் முதலில் ஊர்க்கவுண்டருக்குத்தான். பக்கத்துக் காட்டு ஆறுச்சாமி அந்தப் பழக்கத்திலேயே பேனாவை அவரிடம் நீட்டிவிட்டான். அய்யன் மயக்கத்தில் கிடந்தார். வெள்ளகோவில் கல்யாணத்துக்குக் கிளம்பிய அவசரத்தில் கவுண்டர் கையெழுத்தைப் போட்டுவிட்டு, வண்டி பூட்டப் போய்விட்டார். அதன் பிறகுதான் அய்யன் கண் திறந்து ரேகை வைத்தார். ஆறுச்சாமி பார்த்துச் சாட்சி போட்டான். கல்யாணத்துக்குப் போகிறவர் கண்ணில் தாலியறுத்தவள் படக்கூடாதென்று முத்தாத்தாள் கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

உயிலில் அவளுக்கு எழுதியிருந்தது, மதுக்கரைக்கு வண்டியோட்டி அய்யன் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய மேட்டுக்காட்டு நிலம். பெண்ணுக்குப் பங்கில்லாத காலம்; உயில் செல்லாவிட்டால் அதுவும் அண்ணன் தம்பிதுரைக்குப் போய்விடும். “மில்லுல பஞ்சு பொறுக்கிப் பொழைச்சுக்கட்டும்” என்று அண்ணி இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

“ஏனுங்கண்ணா, சாட்சிக்கு வேற ஆரையாச்சும் கூட்டியாரலாங்களா?” என்று ஆறுச்சாமியிடம் கேட்டாள்.

“தம்பிதுரையப் பகைச்சுட்டு ஆரு வருவாங்க அம்மணி?” என்றான் ஆறுச்சாமி. “கவுண்டர் வந்ததே பெருசு.”

அய்யனின் மூச்சு விட்டு விட்டு இழுத்தது. தெருவில் வண்டிமாட்டுச் சலங்கை கேட்டது.

முத்தாத்தாள் ஓடினாள். வெள்ளைச் சீலை காலைத் தடுக்க, மாடுகளுக்கு நேரெதிரே போய் நின்றாள்.

“அடி சண்டாளி!” கவுண்டர் வண்டிக்குள்ளிருந்து அலறினார். “கல்யாணத்துக்குப் போற வண்டிக்கு எதுர்ல வாரியே, புத்தி பேதலிச்சுப்போச்சா?”

“சகுனம் கெட்டுப்போச்சுங்க மாமா. இனி எறங்கி, ஒரு ஊட்டுல உக்காந்து தண்ணி குடிச்சுப்போட்டுத்தானுங்க போகோணும். எங்கூடுதானுங்க பக்கம்.”

கவுண்டர் பல்லைக் கடித்தார். ஆனாலும் இறங்கினார்.

தண்ணீர்ச் சொம்பை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: “நீங்க போனப்புறம்தானுங்க அய்யன் ரேகை வெச்சாரு. நீங்க பாக்காத ரேகைக்கு உங்க சாட்சி செல்லாதுங்க. அவரே உங்ககிட்ட ஒத்துக்கிட்டா, மறுபடி போட்டுக் குடுங்க.” அய்யனின் காதருகே குனிந்தாள். “அய்யா, இந்த ரேகை நீங்க வெச்சதுதானுங்களே? மாமாவுக்குச் சொல்லுங்க. ஒருக்கா கண்ணத் தொறங்கய்யா!”

ஒன்றும் அசையவில்லை. “போதும், உடு” என்று கவுண்டர் எழுந்தார்.

அப்போதுதான் மை பட்ட பெருவிரல் போர்வையில் ஊர்ந்து, தாளைத் தேடி, ரேகையின் மேல் போய் நின்றது. அய்யன் கவுண்டரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கவுண்டர் பழைய கையெழுத்துக்குக் கீழே இன்னொரு முறை போட்டார். “காடு உனக்கு வரும். ஆனா இனி இந்த ஊருல ஒருத்தரும் உன்னைய வாசப்படி ஏத்தமாட்டாங்க, பாத்துக்க.”

“செரிங்க மாமா.”

வண்டி போன பிறகு ஈரத்துணியால் மையைத் துடைக்கலாமென்று அய்யனின் விரலைப் பிடித்தாள். அது சில்லிட்டிருந்தது.