எத்தனை நாள் பயணம்

பரமலிங்கம் மாஸ்டர் ஹட்டனில் பதினாறு வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறவர். ஒரு சோக்கட்டியை விரல் நகம் தேயும்வரை விடாமல் பாவிக்கிற மனிதர். நாற்பத்தொன்பது வயதில் அவர் ஒரு கம்பியூட்டர் விளையாட்டில் தலைகுப்புற விழுந்தார் என்று சொன்னால் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள். அதனால்தானோ என்னவோ, அவரும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

விழவைத்தவள் வீரபத்திரன் முதலாளியின் மகள் அனோஜா. முதலாளிக்குப் பஜாரில் பலசரக்குக் கடை. கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் மாஸ்டர் வாடகைக்கு இருந்தார், மற்றதில் வெற்றுச் சாக்குகள் இருந்தன. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு நடுவில் அனோஜா கொழும்புக்குப் படிக்கப் போனபோது அவளுடைய கம்பியூட்டரை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது.

"கீழ வச்சா மொளகாத் தூசி போயி பெட்டி செத்துரும் சேர். ஒங்க ரூமிலயே கெடக்கட்டும். மார்க்ஸ் கீக்ஸ் போட்டுக்கிடலாம்ல" என்றார் வீரபத்திரன்.

போகும் முன் அனோஜா இரண்டு சிடிகளை எடுத்துக் காட்டினாள். "இது வீடு கட்டி ஆளுங்கள வாழ வைக்கிற கேம் சேர். இந்த ரெண்டாவது சிடி இப்பத்தான் புதுசா வந்திச்சு. இதயும் போட்டாத்தான் அவங்க டூர் போவாங்க. இல்லாட்டி ஆயுசு பூரா அதே வீட்டுல, அதே தெருவுலதான் கெடக்கணும், பாவம்."

மாஸ்டர் முதல் மாதம் புள்ளிகளை மட்டும்தான் போட்டார். இரண்டாம் மாதம் மழை விடவேயில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியாதபடி பனிப்புகார் மூடியிருந்தபோது, அவர் முதல் சிடியைப் போட்டார். இரண்டு ஆட்களைச் செய்தார். ஒன்று அவர். மற்றது அவர் மனைவி குணபூசணி. பிறகு கோண்டாவிலில் இருக்கும் வீட்டை அப்படியே கட்டினார். முன்கூடம், குசினி, வாசலில் ஒரு மாமரம். கிணறு மட்டும் அந்த விளையாட்டில் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன நீச்சல் தடாகம் வைத்துத் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

குணபூசணியை அவர் கடைசியாகப் பார்த்தது தொண்ணூற்றொன்றில். கல்யாணமாகி இரண்டு வருடம். ஹட்டனில் வேலை கிடைத்திருந்தது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வரப் புலிகளின் பாஸ் வேண்டும், பாஸுக்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். குணபூசணி நின்றாள். பதினான்கு நாளில் திரும்பி வருவார் என்று கையெழுத்துப் போட்டாள். மாஸ்டர் வந்து வேலையை ஏற்றார். திரும்பிப் போகவில்லை. பாதையில் சண்டை என்றார், அடுத்த மாதம் என்றார், பரீட்சை முடியட்டும் என்றார். பிணை நின்றவளை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி எழுதவேயில்லை.

இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று யாழ்ப்பாணத்துப் பாதை திறந்தது. ஹட்டனில் இருந்த யாழ்ப்பாணத்து வாத்திமார் எல்லோரும் பெட்டியும் கையுமாக ஓடினார்கள். நம்முடைய மாஸ்டர் விடைத்தாள் திருத்தினார். நாலு வருடம் பாதை திறந்திருந்தது, நாலு வருடமும் அவருக்குத் திருத்த விடைத்தாள் இருந்தது. உண்மையில் மனிதருக்கு வெட்கம். எந்த முகத்தோடு போய் அந்த வாசலில் நிற்பது? வெட்கத்தை இப்படி வருடக்கணக்கில் வைத்துப் பராமரித்தால் அதுவே ஒரு குடித்தனமாகிவிடும். அவருக்கு ஆகிவிட்டது. பிறகு சண்டை மூண்டு பாதையும் பூட்டிக்கொண்டது.

இரண்டாவது சிடியைப் போட்ட அன்றுதான் அவர் முழுதாக விழுந்தார். விளையாட்டில் வீட்டுத் தொலைபேசியை எடுத்தால் பயணம் போகலாம். எங்கே, யார் யார், எத்தனை நாள் என்று ஒரு பெட்டி கேட்கும். மாஸ்டர் மலைநாட்டைத் தெரிவு செய்தார். தன்னை மட்டும் தெரிவு செய்தார். ஐந்து நாள் என்று போட்டார். வாசலுக்கு ஒரு டாக்சி வந்தது. குணபூசணி கையில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்று வழியனுப்பினாள். வீட்டுக் கடிகாரத்தில் நாலு மணி பத்து நிமிடம்.

ஐந்து நாளும் மலையில் அந்தக் குட்டிப் பரமலிங்கம் மரக்குடிலில் தனியாகத் தூங்கி எழும்பினார். பிறகு டாக்சி அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டது. கடிகாரத்தில் நாலு மணி பத்து நிமிடம். குணபூசணி அதே இடத்தில், அதே கோப்பையோடு நின்றாள். சோற்றில் ஆவி பறந்தது.

சிடியில் ஏதோ பிழை என்று நினைத்து அவர் கொழும்புக்குப் போன் பண்ணிக் கேட்டார். அனோஜா சிரித்தாள். "பிழை இல்ல சேர், அப்பிடித்தான். டூர் போறவங்களுக்குத்தான் நாள் ஓடும். வீட்டுல டைம் நின்னுரும். இல்லாட்டி வந்து பாக்குறப்ப பூச்செடியெல்லாம் காஞ்சுல்ல கெடக்கும்."

ஒரு கணக்கு வாத்தியாருக்கு இது அடுக்காத அநியாயமாகத் தோன்றியிருக்க வேண்டும். அவருக்கோ கண் கலங்கிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு சனி ஞாயிறும் அவர் பயணம் போனார். கடற்கரைக்கு, காட்டுக்கு, பெயர் தெரியாத தீவுக்கு. ஊர் பார்க்க அல்ல, திரும்பி வருவதற்காகவே போனார். எத்தனை நாள் கழித்து வந்தாலும் அவளுக்கு ஒரு நிமிடமும் ஆகியிருக்கவில்லை. கோபிக்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

கார்த்திகை மாதம் உண்மையான குணபூசணி போன் பண்ணினாள். மாதம் ஒரு தடவை பேசுவார்கள். காய்ச்சல், மழை, சாமான் விலை என்று நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு அவள் வேறொன்று சொன்னாள்.

"டிசம்பர் லீவுக்குக் கப்பல் ரிக்கற் கிடைச்சிருக்கு. திருகோணமலை வந்து கொழும்பு வந்து அங்க வாறன்."

"ஆ... நல்லது. வாரும்" என்றார் மாஸ்டர். காது சுட்டது.

எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. அவருடைய ஊரில் வருகிறவரிடம் அப்படிக் கேட்கமாட்டார்கள். எப்போது போவாய் என்று கேட்பதும் அதுவும் ஒன்றுதான். அவளும் சொல்லவில்லை. சொல்லாததால் மாஸ்டர் தனக்குப் பிடித்த விடையைத் தானே எழுதிக்கொண்டார். அவள் இருக்கத்தான் வருகிறாள். இனிமேல் எங்கும் போகமாட்டாள். ஊரை விட்டு வந்த பிறகு அவர் எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆனால் பொலிஸ் கேட்கும். யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்தாலும் ஸ்டேஷனில் பதிய வேண்டிய காலம் அது. வீட்டுக்காரர் கையெழுத்தோடு படிவம் கொடுக்க வேண்டும். வீரபத்திரன் கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை நிரப்பினார். "ஒங்க வீட்டம்மா பேரு போட்டாச்சு. ஐடென்டி நம்பர் போட்டாச்சு. எத்தன நாளுன்னு போடுறது சேர்?"

"நிரந்தரம் எண்டு போடுங்கோ" என்றார் மாஸ்டர்.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப சாக்குக் கெடக்குற ரூமையும் தொறந்து விட்டுர்றேன் சேர். பொம்பள வந்தா சமைக்க எடம் வேணும்ல." இரண்டு நாளில் அந்த அறைக்கு வெள்ளையும் அடித்துக் கொடுத்தார்.

ரயில் வந்த அன்று மாஸ்டர் மேடையில் இருபத்தாறு வயதுப் பெண்ணொருத்தியைத் தேடினார். தேடக்கூடாது என்று புத்தி சொன்னது, கண் கேட்கவில்லை. கண்ணாடி போட்ட, முன்முடி நரைத்த ஒரு பெண் வேகமாக நடந்து வந்து அவர் முன்னால் நின்றாள். "மெலிஞ்சு போனியள்" என்றாள். அவள் கையில் ஒரேயொரு சின்னப் பை இருந்தது. மிச்சச் சாமான் எங்கே என்று அவர் ரயில் பெட்டியை எட்டிப் பார்த்தார்.

அறைக்கு வந்து முகம் கழுவிய கையோடு அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "இதைக் கவனமா வையுங்கோப்பா. ஆமி தந்த கடிதம். துலைஞ்சா கப்பல்ல ஏத்தமாட்டாங்கள். ஹட்டனில எட்டு நாள் நிக்கலாமெண்டு போட்டிருக்கு."

"சரி" என்றார் மாஸ்டர். வெள்ளை அடித்த அறையைக் காட்டாமலே கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை இருவரும் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். சார்ஜன்ட் வயதானவர், தன்மையான மனிதர். அவருடைய பேத்தி மாஸ்டரின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். படிவத்தையும் கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். "ஸ்திரத மஹத்தயா?" என்று கேட்டார். நிரந்தரமா, ஐயா? இதில் அப்படி இருக்கிறது, அதில் எட்டு நாள் என்றிருக்கிறது. பிறகு குரலைத் தாழ்த்தி, சிங்களத்திலேயே மேலும் சொன்னார். உங்கள் மனைவிதானே. நிரந்தரம் என்றால் சொல்லுங்கள், நான் இங்கே பதிந்துகொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடிதம் போடுகிறேன். ஒரு கரைச்சலும் வராது.

ஒரு சொல். அவ்வளவுதான் தேவைப்பட்டது. குணபூசணி பக்கத்து வாங்கில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்குச் சிங்களம் தெரியாது என்று மாஸ்டர் நினைத்தார். பதினான்கு நாள் என்று சொல்லி ஏமாற்றிவிட்டு வந்தவனுக்கு, இவளை இரு என்று சொல்ல என்ன உரித்து இருக்கிறது? அவளாகக் கேட்டால் பார்க்கலாம். நாமாகக் கேட்டு அவள் மாட்டேன் என்றுவிட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இந்த நினைப்பெல்லாம் ஓடி முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"தவஸ் அட்டய்" என்றார். எட்டு நாள்.

சார்ஜன்ட் அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நிரந்தரம் என்ற சொல்லின் மேல் கோடு போட்டு எட்டு என்று எழுதினார். பிறகு மாஸ்டரைப் பக்கத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் குணபூசணி கேட்டாள். "என்னவாம்?"

"ஒண்டுமில்லை. எத்தனை நாள் எண்டு கேட்டவர்."

"ம்" என்றாள் அவள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்த எட்டு நாளும் அவர்கள் நல்ல மாதிரித்தான் இருந்தார்கள். பிரச்சினையே அதுதான். இரண்டு விருந்தாளிகள் ஒரே அறையில் தங்கியது போல, ஒருவருக்கொருவர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். அவள் தன் பாடுகளைச் சொன்னாள். முப்பது பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுக்கிறாள். இரண்டு ஆடு நிற்கிறது. முன்கூடத்துக் கூரை தொண்ணூற்றைந்தில் போய், ஆறு வருடம் குசினியில் படுத்து, பிறகு தானே ஆள் பிடித்து வேய்ந்தாள். மாமரமும் ஷெல்லில் போய்விட்டது. மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் "அப்பிடியே?" என்றார். அவருக்கு அழுகை வந்தது. ஆனால் அழவும் ஒரு உரித்து வேண்டும் என்று நினைக்கிற மனிதர் அவர்.

ஆறாம் நாள் மழைக்குள் பொழுது போகாமல், ஏதோ ஒரு தைரியத்தில், விளையாட்டைப் போட்டுக் காட்டினார். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"உது எங்கட வீடெல்லே?"

"ஓம்."

"இது ஆர், கோப்பையோட?"

"நீர்தான். நான் டூர் போட்டு வந்தனான். நான் போனால் வீட்டில மணி ஓடாது. வரேக்க நீர் அப்பிடியே நிப்பீர்."

குணபூசணி வாய்விட்டுச் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அப்போதுதான் சிரித்தாள். "ஏனப்பா, அவவுக்கு வேற வேலை இல்லையே?"

மாஸ்டரும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பெட்டியை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி வைக்க எழுந்து போனார்.

எட்டாம் நாள் பின்னேரம் ரயில் ஸ்டேஷனில் கொழும்பு ரயில் அரை மணி பிந்தியது. வீரபத்திரன் பார்சல் கட்டிக் கொடுத்த தேயிலையும் அவளுடைய சின்னப் பையும் வாங்கில் இருந்தன. இருவரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு ரயில்வேக்காரர் வந்து சிங்களத்தில், கொட்டகலையைத் தாண்டிவிட்டது, பத்து நிமிடத்தில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பத்து நிமிஷமாம்" என்று மாஸ்டர் மொழிபெயர்க்க வாயெடுத்தார்.

"விளங்கினது" என்றாள் அவள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பதினொரு வருஷமா முன்வீட்டில ஆமிக் காம்ப் இருக்கு. ஆடு உள்ள போனால் நான்தானே போய்க் கேக்கோணும். அவ்வளவு சிங்களம் வராதே எனக்கு?"

பொலிஸ் ஸ்டேஷன் மேசையும், சார்ஜன்ட் தாழ்த்திய குரலும், தான் சொன்ன எட்டும் மாஸ்டருக்கு வரிசையாக நினைவில் வந்தன. "அப்ப... பொலிஸில..."

"விளங்கினது."

"விளங்கினால் நீர் ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"

குணபூசணி அவரைக் கோபமாகப் பார்க்கவில்லை. களைத்த பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். வளைவில் ரயில் ஊதிற்று. அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

"அந்தாள் உங்களைக் கேட்டார், நீங்கள் சொன்னீங்கள். என்னை ஆரப்பா கேட்டது?"